சர்க்கரை இனிக்காத தாழ்சர்க்கரை: மூன்று மூலிகைகளும் ஒரு மாத்திரையும்

பின்னணி

61 வயது ஆண். கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எடை 76 கிலோ. புகை, மது இல்லை. சிறுநீரக வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 58, வயதுக்கு மோசமில்லை, ஆனால் மாத்திரை கொடுக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண். மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் இரண்டு வேளையும், கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலை உணவுக்கு முன்பும் சாப்பிட்டு வந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.4 சதவீதம் வந்ததால், மருத்துவர் கிளிமிபிரைடை 2 மில்லிகிராமாக உயர்த்தினார்.

நான் அந்த நீரிழிவுப் பிரிவில் உணவு ஆலோசகர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, அவரும் மனைவியும் சம்மதித்த அளவில் எழுதுகிறேன். இரத்தச் சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

மாத்திரை கூடிய பிறகு மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 170களிலிருந்து 140களுக்கு இறங்கியது. இது நமக்கு உறுதியாகத் தெரிவதற்குக் காரணம் அவருடைய நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், அளவு, சாப்பிட்டது என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதுகிற மனிதர். இந்த நிகழ்வில் பாதித் துப்பு துலங்கியது அந்தக் கட்டங்களில்தான்.

நான்காம் வாரத் தொடக்கத்தில், உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மூன்று பொருள்களைத் தொடங்கினார். காலையில் எழுந்ததும் ஊறவைத்த வெந்தயம் இரண்டு பெரிய கரண்டி, ஊறிய தண்ணீரோடு. அதன்பின் பட்டைத் தூள் கலந்த வெந்நீர். மதிய உணவுக்கு முன் சிறுகுறிஞ்சான் இலைத் தூள் ஒரு சிறு கரண்டி, வாயில் போட்டு மென்று விழுங்குவது. மருத்துவரிடம் சொல்லவில்லை. ஒளிப்பதற்காக அல்ல. "அது மருந்தா என்ன? சமையலறைச் சாமான்தானே" என்றார் பின்னால் கேட்டபோது.

முதல் ஐந்து வாரங்களில் கவனித்தவை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே போனது. வெறும் வயிற்று அளவு 110களுக்கு வந்தது. எடை 76லிருந்து 72.5 ஆனது. அவருக்கே பெருமை. வழியில் பார்த்தவர்கள் இளைத்திருக்கிறீர்கள் என்று சொன்னார்களாம்.

நோட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. "காலை: பாதி", "காலை: பசியில்லை", "மதியம் 2.15" என்ற குறிப்புகள் வரவரக் கூடின. மாத்திரை போட்ட நேரம் மட்டும் ஒரு நாளும் மாறவில்லை: காலை 7.30. மூலிகை தொடங்குவதற்கு முன் காலை உணவு 8 மணிக்கு. தொடங்கிய பிறகு 9.30, 10, சில நாள் இல்லவே இல்லை. முற்பகலில் "லேசான படபடப்பு, தண்ணீர் குடித்தேன், சரியாயிற்று" என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தார். அந்த நேரங்களில் சர்க்கரை பார்க்கவில்லை. அவர் பார்ப்பது காலை வெறும் வயிற்றிலும், இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும்தான். அதாவது, தாழ்வு வரும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் அளவே இல்லை.

வயிறு உப்புசம், சிறுநீரில் ஒரு தனி வாசனை என்று மனைவி கவனித்திருந்தார். வாசனை வெந்தயத்தால் வருவது, அது பயப்படத் தக்கதல்ல. உப்புசத்துக்கு மெட்ஃபார்மினும் காரணமாகலாம், திடீரென்று கூடிய நார்ச்சத்தும் காரணமாகலாம். இரண்டும் சேர்ந்தால் பசி இன்னும் மங்கும்.

சம்பவ நாள்

அன்று காலை வெந்தயமும் பட்டை நீரும் குடித்தாயிற்று, மாத்திரைகள் போட்டாயிற்று. வயிறு நிறைந்த மாதிரி இருந்ததால் காலை உணவைத் தள்ளிப்போட்டு, 10 மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டார். நடந்து போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தார். 12.45க்குச் சிறுகுறிஞ்சான் தூளை மென்றார். சாப்பாடு எடுத்து வைக்கவா என்று மனைவி கேட்டதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

1.10க்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மனைவிக்கு இது சர்க்கரை இறக்கம் என்று உடனே புரிந்தது. ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டார். அவர் துப்பிவிட்டார். "மண்ணு மாதிரி இருக்கு" என்றாராம். சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது, வெறும் தண்ணீரை எதற்குக் கொடுக்கிறாய் என்று தம்ளரைத் தள்ளினார். குழப்பத்தில் பிதற்றுகிறார் என்றே மனைவி நினைத்தார். அளவு பார்த்தால் 48.

70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் மூளைக்கே எரிபொருள் தட்டுப்படும் நிலை. மனைவி விடாமல் வற்புறுத்தி, கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தார். 15 நிமிடம் கழித்து 61. மறுபடி கொடுத்தார். அடுத்த 15 நிமிடத்தில் 84. முழு நினைவும் திரும்பியது. அப்புறம்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

அளவு சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். மருத்துவர் விடவில்லை. கிளிமிபிரைடு சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீளும், சிறுநீரகம் சற்றே மந்தமானால் இன்னும் இழுக்கும். எனவே ஒரு முறை ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்க வாய்ப்பு உண்டு. கண்காணிப்பில் வைத்தார்கள். இரவு 2 மணிக்கு 66 ஆனது. அதையும் சரிசெய்து, மறுநாள் மாலைதான் அனுப்பினார்கள்.

அனுமதித்தபோது எடுத்த எச்பிஏ1சி 7.3. சம்பவம் நடக்காமல், வழக்கமான பரிசோதனைக்கு அவர் இந்தத் தாளோடு வந்திருந்தால், எங்கள் அறையில் எல்லோரும் பாராட்டி அனுப்பியிருப்போம். சராசரிக்கு மேடும் பள்ளமும் தெரியாது; 48ஐயும் 210ஐயும் ஒன்றாகக் கலந்து நல்ல எண்ணாகக் காட்டிவிடும்.

காரணத்தைத் தேடியது

மூலிகைகள் பற்றி அதுவரை யாருக்கும் தெரியாது. "மண்ணு மாதிரி" என்று அவர் சொன்னதை மனைவி தற்செயலாகக் குறிப்பிட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மயக்கத்தில் இருப்பவர் சர்க்கரையை வேண்டாம் என்பது உண்டு. அதன் சுவையை இவ்வளவு துல்லியமாக, இரண்டு முறை ஒரே மாதிரி, இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. சிறுகுறிஞ்சான் மென்றீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு மற்ற இரண்டும் தானாக வெளியே வந்தன.

சர்க்கரைக்கொல்லி என்றும் அழைக்கப்படும் அந்த இலையில் ஜிம்னீமிக் அமிலங்கள் இருக்கின்றன. நாக்கில் இனிப்பை அறியும் ஏற்பிகளில் இவை போய் உட்கார்ந்துகொள்ளும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சர்க்கரை இனிக்காது. வாயில் நறநறவென்ற துகள் மட்டும் தெரியும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். நாக்குதான் ஏமாறுகிறது, விழுங்கிய சர்க்கரை இரத்தத்தில் சேரத்தான் செய்யும். அந்த மனைவி விடாப்பிடியாகக் கொடுத்தது பலித்தது அதனால்தான். இலைத் தூளை மெல்லாமல் உறை மாத்திரையாக (கேப்ஸ்யூல்) விழுங்கியிருந்தால் இந்தச் சுவை மாற்றமே வந்திருக்காது. நமக்கும் துப்பு கிடைத்திருக்காது.

சரி, 48க்கு இறக்கியது எது? இங்கேதான் எங்களுக்குள் கொஞ்சம் விவாதம். மூலிகைகள்தாம் இறக்கின என்று சொல்வது எளிது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட்டால் கணக்கு வேறாக வருகிறது.

வெந்தயத்தை வீட்டில் எடுக்கும் அதே கரண்டியால் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு குவித்த கரண்டி 24 கிராம். இதில் ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ நார்ச்சத்து. அதில் காலக்டோமன்னான் என்ற கரையும் நார் தண்ணீரைப் பிடித்துக் கூழாக உப்பும். கூழ் வயிற்றில் உணவை மெதுவாக இறங்க வைக்கும், மாவுச்சத்து குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். விதையில் உள்ள 4-ஹைட்ராக்சிஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலினைத் தூண்டும் குணமும் ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. ஆக, உணவோடு சேர்த்தால் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைக்கும். இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு பசி. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உடல் பருமனுள்ள 18 பேருக்கு 8 கிராம் வெந்தய நாரைக் காலை உணவோடு கொடுத்தபோது, வயிறு நிறைந்த உணர்வு கூடியது, பசி குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது உணவோடு. இவர் சாப்பிட்டது உணவுக்குப் பதிலாக. இந்த வேறுபாடு பெரிது.

பட்டை விஷயத்தில் நம்பிக்கையைப் பரப்பியது 2003ஆம் ஆண்டு ஆய்வு. 60 நீரிழிவுக்காரர்கள், நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று மூன்று அளவு, 40 நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைந்ததாக அறிக்கை. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 577 பேர் கொண்ட 10 ஆய்வுகளைத் தொகுத்த 2012 காக்ரேன் மதிப்பாய்வு, பட்டையை நீரிழிவுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. பசியைப் பொறுத்தவரை 2007இல் ஆரோக்கியமான 14 பேரிடம் 6 கிராம் பட்டையை உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு காலியாகும் வேகம் குறைந்தது, உணவுக்குப் பின் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது, ஆனால் நிறைவு உணர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வயிறு மெதுவாகக் காலியாவதும் பசி அடங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சிறுகுறிஞ்சானுக்கும் பழைய ஆய்வு உண்டு: 1990இல் சென்னை ஆய்வாளர்கள் நீரிழிவுள்ள 22 பேருக்கு 400 மில்லிகிராம் இலைச் சாற்றை அவர்களுடைய நீரிழிவு மாத்திரையோடு சேர்த்து 18 முதல் 20 மாதம் கொடுத்ததில், பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வந்தது, 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஒப்பீட்டு ஏற்பாடு பலவீனமான ஆய்வுதான். ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி அதிலேயே இருக்கிறது: இதையும் மாத்திரையையும் சேர்த்து எடுப்பவருக்கு மாத்திரை அளவை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. மாத்திரை மட்டும் கூடிய மூன்று வாரத்தில் படபடப்பு ஒன்றும் இல்லை. மூலிகை தொடங்கிய முதல் சில நாளிலும் இல்லை, ஏனென்றால் அப்போது வழக்கம்போலச் சாப்பிட்டார். நான்கு படபடப்புகளும் காலை உணவு பாதியாகவோ தாமதமாகவோ ஆன நாள்களில். மூலிகைகள் நேரடியாக இறக்கியது கொஞ்சம் இருக்கலாம். பெரிய பங்கு தட்டு சிறுத்ததற்கு. 7.30க்குப் போட்ட மாத்திரைக்கு, தட்டு பாதியானது தெரியாது. அது 8 மணிச் சாப்பாட்டுக்கு வேண்டிய இன்சுலினை வழக்கம்போல வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு மருத்துவருடையது: கிளிமிபிரைடை நிறுத்துவது, மூன்று மூலிகைகளையும் இரண்டு வாரம் நிறுத்துவது, மெட்ஃபார்மினை மட்டும் தொடர்வது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகுமே என்று நான் கேட்டேன். 48 பார்த்த ஆளிடம் துப்பறியும் வேலை இரண்டாவதுதான் என்றார். அவர் சொன்னது சரி.

இரண்டாவது முடிவில் நான் அழுத்தமாக நின்றேன்: மூலிகைகளை ஒரேயடியாகத் தடை செய்யக் கூடாது. தடுத்தால் இவர் மறுபடி தொடங்குவார், இந்த முறை சொல்லாமல். தவிர, மூலிகை என்றாலே வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கும் உரிமையும் நமக்கு இல்லை. இவர் ஒன்பது ஆண்டாகச் சாப்பிடும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில் இருக்கிறது. கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடியின் கலேகின் என்ற பொருளிலிருந்து கிளைத்த ஆராய்ச்சி அது; மனிதருக்கு அதன் பயனை ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் வெளியிட்டார். அதற்கு அளவு தெரியும், பக்கவிளைவு தெரியும். கரண்டிக்கு அது தெரியாது. எங்கள் சிக்கல் அளவும் நேரமும்தான்.

மூன்றாவது, இரண்டு வாரத்துக்குப் பின் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியைக் கையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொருளாகத் திரும்பக் கொண்டுவருவது. ஒரே எடையுள்ள ஒரே காலை உணவு, ஒரு நாள் வெந்தயத்தோடு, மறுநாள் இல்லாமல். வெந்தயம் 10 கிராம் மட்டும், தூளாக, உணவோடு சேர்த்து. மெட்ஃபார்மினிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி, ஏனென்றால் கூழ் மாத்திரை உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தக் கூடும். அதன் பிறகு பட்டையை அதே முறையில்.

பட்டையில் இன்னொரு தனிக் கவலை. அவர் பயன்படுத்தியது காசியா வகை, தடிப்பான சுருள். இதில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் கிராமுக்குச் சில மில்லிகிராம் வரை இருக்கலாம், தொகுதிக்குத் தொகுதி மாறும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், இவருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். அவர் தினமும் போட்ட 4 கிராம் தூள் அதைத் தாண்டிவிடக் கூடியது. கல்லீரல் நொதி (ஏ.எல்.டி.) சற்றுக் கூடியிருந்தது. கொழுப்புக் கல்லீரலும் அதற்குக் காரணமாகலாம் என்பதால் பட்டையின் மேல் பழியைப் போட இது போதாது. ஆனால் பயன் தெளிவாகத் தெரியாத பொருளுக்கு அந்த அளவு வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

பின்னர் நடந்தவை

மூலிகை நின்ற ஒரு வாரத்துக்குள் பசி திரும்பியது. வெறும் வயிற்று அளவு 150களுக்கு ஏறியது, எடை ஒரு கிலோ கூடியது. தாழ்வு இல்லை. மருத்துவர் சிடாக்ளிப்டின் என்ற வேறு வகை நீரிழிவு மாத்திரையைச் சேர்த்தார். அது சர்க்கரை ஏறும்போதுதான் பெரும்பாலும் வேலை செய்வதால், ஒரு வேளை தட்டு சிறுத்தாலும் சல்ஃபோனைல்யூரியா போல இழுத்து இறக்காது. இந்த மாற்றத்துக்குப் பின்தான் மூலிகைச் சோதனையைத் தொடங்கினோம்.

வெந்தயம் சேர்த்த காலைகளில் உணவுக்குப் பிந்தைய உச்சம் சேர்க்காத காலைகளைவிடச் சராசரியாக 25 புள்ளி அளவுக்குக் குறைந்தது. உச்சம் வருவதும் தாமதமானது. பட்டை 2 கிராம் சேர்த்த நாள்களில் வித்தியாசம் ஒன்றும் கண்ணில் படவில்லை, நாளுக்கு நாள் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்துக்குள் அது கரைந்துபோனது. ஒரே ஆளிடம் பார்த்தது, அவருக்கு மட்டும்தான் விடை. அவருக்கு அது போதும். வரைபடத்தைத் தானே பார்த்துவிட்டுப் பட்டைத் தண்ணீரை அவரே விட்டுவிட்டார்.

சிறுகுறிஞ்சான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. சர்க்கரைக் கோட்டில் நேரடி மாற்றம் பெரிதாக இல்லை. ஆனால் மதிய உணவு முடிந்ததும் இனிப்பு தேடுகிற வழக்கம் அவருக்கு உண்டு. இலையை மென்ற நாள்களில் வாயில் போட்ட இனிப்பு துகளாகத் தெரிந்ததால் தேடலே நின்றது. பசியை அது அடக்கவில்லை, ஆசையை அடக்கியது. இதை வைத்துக்கொள்ள மருத்துவர் ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு: உணவு முடிந்த பிறகுதான் மெல்ல வேண்டும், முன்னால் அல்ல, தாழ்சர்க்கரை அறிகுறி வந்தால் இனிப்புத் தெரிகிறதா என்று பார்க்காமல் 15 கிராம் குளுக்கோஸை விழுங்க வேண்டும். மனைவியிடமும் இதைத் தனியாகச் சொன்னோம்.

இஞ்சியைப் பற்றி இடையில் அவர் கேட்டார், அதுவும் சர்க்கரைக்கு நல்லதாமே என்று. ஆரோக்கியமானவர்களிடம் 1.2 கிராம் இஞ்சி வயிறு காலியாவதை வேகப்படுத்தியதாக ஆய்வு உண்டு. வெந்தயம் செய்வதற்கு நேர் எதிர். சமையலில் சேர்ப்பதைச் சேருங்கள், வைத்தியமாக இன்னொன்றைக் கூட்ட வேண்டாம் என்றேன்.

மூன்று மாதத்துக்குப் பின் எச்பிஏ1சி 7.1, எடை 73, ஏ.எல்.டி. இயல்பு. கருவி ஒட்டியிருந்த 14 நாளிலும் 70க்குக் கீழே ஒரு முறையும் போகவில்லை. சம்பவத்தின்போது இருந்த 7.3க்கும் இதற்கும் தாளில் பெரிய வித்தியாசம் இல்லை. கோட்டின் உருவம்தான் வேறு.

இனி மாறுவது

எங்கள் முதல் பதிவுத் தாளில் "வேறு மருந்துகள் ஏதும் எடுக்கிறீர்களா" என்ற கேள்வி இருக்கிறது. இவர் அதற்கு இல்லை என்று பதில் எழுதியிருந்தார், அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. இப்போது கேள்வி இப்படி: காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, சாப்பாடு தவிர வாயில் போடுவது, குடிப்பது, மெல்லுவது எல்லாம் என்னென்ன, எந்தக் கரண்டியால்? கரண்டியையே எடுத்துவரச் சொல்கிறோம். "ஒரு ஸ்பூன்" என்பது வீட்டுக்கு வீடு இரண்டு மடங்குவரை மாறுகிறது.

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர்களிடம் பசியையும் ஓர் அளவாகக் கேட்கிறோம்: போன வருகையைவிட எத்தனை வேளை குறைவாக, தாமதமாகச் சாப்பிட்டீர்கள்? மாத்திரை கூட்டிய முதல் மாதத்தில் எடை மளமளவென்று இறங்கினால், அடுத்த வருகை வரை காத்திருக்காமல் அழைக்கச் சொல்கிறோம். அளவு பார்க்கும் நேரத்தில் முற்பகல் 11 மணியையும் சேர்த்தாயிற்று.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தரும் தாழ்சர்க்கரைக் குறிப்பில் ஒரு வரி கூடியிருக்கிறது: சர்க்கரை இனிக்கவில்லை என்று சொன்னாலும், விழுங்கும் அளவு நினைவு இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள், விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.